அறளையும் ஆராய்ச்சியும்

யாழ்ப்பாணத் தமிழிலே 'அறளை' என்றொரு சொல் உண்டு. முதுமையினால் நினைவு தடுமாறி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீர் ஆர்?' என வினவி, உண்டு கைகழுவிய சிறிது நேரத்தில் மீண்டும் உணவு கேட்கும் நிலையை 'அறளை பெயர்தல்' என்பர் நம் முதியோர். பேச்சு வழக்கில் அஃது 'அறளை பேர்தல்' என மருவும். அச்சொல்லிலே சிறிது ஏளனம் உண்டு; சிறிது இரக்கமும் உண்டு. நோய் என்னும் எண்ணம் மாத்திரம் அதில் இல்லை. காய்ச்சலுக்கும் கைகால் முறிவுக்கும் வைத்தியரைத் தேடியோடும் குடும்பத்தார், அறளைக்கு ஒருவரையும் தேடார். நரையும் திரையும் போல அதுவும் மூப்போடு வருவது என்று அமைந்துவிடுவர்.

மேனாட்டு வைத்திய உலகமும் மிக அண்மைக்காலம் வரை இவ்வாறே அமைந்திருந்தது. இன்று நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் நினைவழிவு நோய்களோடு வாழ்ந்தனர். அவருள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் நம் நாடு போன்ற வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில் உள்ளவர்கள். ராகமைப் பகுதியிலே நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, 65 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நிலை உண்டெனக் கண்டது. நினைவழிவு நோய்கள் பலவாயினும் அவற்றுட் பெரும்பான்மையது அல்சைமர் நோய்.

'அல்சைமர் நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது' என்ற தலைப்பைக் கடந்த சில ஆண்டுகளிற் பத்திரிகைகளிலே பன்முறை கண்டோம். அம்மருந்து பயனற்றது என்ற தலைப்பையும் கண்டோம். ஆராய்ச்சியிலே பொய் புகுந்தது என்ற செய்தியும் வந்தது. ஒன்றையொன்று மறுக்கும் இச்செய்திகளை வாசிக்கும் ஆசிரியரும் மாணாக்கரும் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? யான் வைத்தியன் அல்லேன். பண்டித வகுப்புக்கு இலக்கணஞ் சொல்லிக் காலங் கழிப்பவன். ஆயினும் இவ்விவாதத்தைக் கூர்ந்து நோக்கியபோது, அதன் அடியிலே கிடப்பது ஒரு பெயர் வழக்கு என்பது புலப்பட்டது. அல்சைமர் நோய் என்னும் பெயர் எப்பொருளைக் குறிக்கும்? ஒருவருடைய நினைவு அழிந்துபோவதையா, அன்றி அவர் மூளையிலே படிந்து கிடக்கும் ஒரு பொருளையா? இரண்டும் ஒன்றெனக் கொள்பவர் ஒருபாலார். வேறெனக் கொள்பவர் மற்றொருபாலார். மருந்தின் பயன் யாது என்பதும், நோயாளர் யாவர் என்பதும் இவ்வழக்கின் தீர்ப்பையே பற்றி நிற்கின்றன.

வழக்கின் மூலத்துக்குச் செல்வோம். 1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜேர்மனியிலே பிராங்போட் நகரத்துச் சித்தசுவாதீனமற்றோர் வைத்தியசாலையில் அவுகுஸ்த டேட்டர் என்னும் மாது சேர்க்கப்பட்டார். வயது 51. அங்கே கடமையாற்றிய அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் அவரை வினாவி விடைகளை எழுதிவைத்தார். பெயர் யாது என்றதற்கு 'அவுகுஸ்த' என்றார் அம்மாது. குடும்பப் பெயர் யாது என்றதற்கும் 'அவுகுஸ்த' என்றார். கணவர் பெயரை வினாவியபோதும், ஐயத்தோடு, அப்பெயரே விடையாக வந்தது. நண்பகலிலே பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரை, உண்பது யாதெனக் கேட்க, கீரை என்றார். இவ்வேடுகள் நெடுங்காலம் காணாமற்போயிருந்து, 1995இல் அந்நகரத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. அவ்வைத்தியர் நோயைக் கண்ட முறை கவனிக்கத் தக்கது. வாத்தியார் ஒருவர் மாணாக்கனைச் சோதிப்பது போல, வினாவும் விடையுமாகவே கண்டார். அன்று நோய் அம்மாதின் பேச்சிலே இருந்தது.

1906 ஏப்ரிலில் அவர் இறந்தார். மியூனிக் நகருக்கு மாறிச் சென்றிருந்த அல்சைமர், அவர் மூளையை வருவித்துச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நரம்புக் கலங்களுக்குப் புறத்தே பரல்பரலாகப் படிவுகள். கலங்களுக்கு உள்ளே நூற்சிக்குப் போல முறுக்குண்ட நார்கள். அவ்வாண்டு நவம்பர் 3ஆந் திகதி ரியூபிங்கன் நகரில் மனநோய் வைத்தியர் கூடிய அவையில் இதனை எடுத்துரைத்தார். அவையோருள் ஒருவரேனும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 1910இல் அல்சைமரின் தலைவரும் பேராசிரியருமாகிய எமில் கிறெப்பலின் தம் பாடநூலிலே இந்நோய்க்குத் தம் உதவியாளர் பெயரையே இட்டார். அல்சைமர் 1915இற் காலமானார். அப்பொழுது அவருக்கும் வயது 51.

கிறெப்பலின் இட்ட பெயர் குறைந்த வயதிலே நினைவழிந்தோர்க்கே உரியதாய் அமைந்தது. மூப்பெய்தியோரின் அறளை அதன் புறத்தே விடப்பட்டது. பிராக் நகரிலே ஒஸ்கார் பிஷர் என்னும் ஆராய்ச்சியாளர் 1907இலேயே அறளை பெயர்ந்து இறந்த 16 முதியோரின் மூளைகளைச் சோதித்து, 12இல் அதே படிவுகளைக் கண்டு எழுதியிருந்தார். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 55 வயதில் வந்தால் அரியதொரு நோய், 75 வயதில் வந்தால் இயற்கை என்ற இந்த விசித்திர இலக்கணம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வழங்கிற்று. 1976இல் றொபேட் கட்ஸ்மன் என்னும் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் வைத்திய சஞ்சிகை ஒன்றிலே சிறியதோர் ஆசிரியவுரை வரைந்தார். இரண்டும் ஒரே நோய், வயதெல்லை கற்பனை, முதியோரைச் சேர்த்து எண்ணினால் மரணத்துக்குரிய பெருங் காரணங்களுள் இது நான்காவதோ ஐந்தாவதோ ஆகும் என்பது அவ்வுரையின் சாரம். அதன்பின் ஆராய்ச்சிக்குப் பொருள் பெருகிற்று, குடும்பத்தார் சங்கங் கண்டனர், அரசுகள் கவனித்தன. மேனாட்டிலே அறளை நோயாகியது அப்பொழுதுதான். பெயரால் விளைந்த பெருநன்மை இது.

ஆனால் பெயர் அவ்விடத்தில் நிற்கவில்லை. 1984இல் ஜோர்ஜ் கிளெனரும் கைன் வோங்கும் அப்படிவுக்குரிய புரதத்தைப் பிரித்தறிந்தனர். அமிலோயிட் என்பது அதன் பெயர். 1992இல் ஜோன் ஹாடியும் ஜெரால்ட் ஹிக்கின்சும் 'சயன்ஸ்' இதழிலே ஒரு கொள்கையை வகுத்தனர்: அமிலோயிட் படிவதே முதல், நார்ச்சிக்கும் கலச்சாவும் நினைவழிவும் அதன் வழிவந்த விளைவுகள். மடை திறந்தால் வாய்க்கால்கள் எல்லாம் நிறைவது போன்ற கொள்கை. மடையை அடைத்தால் நோய் நிற்கும் என்பது அதன்வழிப் பிறந்த நம்பிக்கை. அடுத்த முப்பதாண்டு ஆராய்ச்சியின் பெரும்பகுதி இம்மடையை நோக்கியே சென்றது.

இக்கொள்கைக்கு வலிய சான்று இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. தென்னமெரிக்காவிலே கொலம்பியா நாட்டு அந்தியோக்கியா மாகாணத்தில், மலையூர்களிற் பரந்து வாழும் ஒரு பெருங்குடும்பத்தை பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் வைத்தியர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார், 2024இற் காலமானார். அக்குடும்பத்தாருட் பலருக்கு அமிலோயிட்டைப் பெருகச் செய்யும் ஒரு பரம்பரையலகுப் பிறழ்வு உண்டு. அதனையுடையோர்க்கு ஏறத்தாழ 44 வயதிலே நினைவு தளரத் தொடங்கும். காரணமும் காரியமும் இதனினுந் தெளிவாகத் தொடர்புற்றுத் தோன்றுமா?

ஆயினும் அக்குடும்பத்திலேயே ஒரு மாது இருந்தார். அதே பிறழ்வு அவருக்கும் உண்டு. மூளை நிறைய அமிலோயிட்டும் உண்டு. நாற்பதுகளிற் கெடவேண்டிய நினைவு எழுபதுகள் வரை கெடவில்லை. 2019இல் ஆராய்ச்சியாளர் இதனை வெளியிட்டனர். அவரிடம் வேறொரு பரம்பரையலகிலே அரிய மாற்றம் ஒன்று காணப்பட்டது. அவர் மூளையில் நார்ச்சிக்குக் குறைவாகவே இருந்தது. புகையைக் கண்டு நெருப்பை அனுமிப்பது தருக்க நூலார்க்குப் பழகிய எடுத்துக்காட்டு. இங்கே நெருப்பு எது, புகை எது? படிவு தொடக்கத்திற்குக் காரணமாகலாம். நினைவை அழிப்பது வேறொன்றாகலாம். தொடங்கிவைப்பதும் முடித்துவைப்பதும் ஒன்றேயாதல் வேண்டும் என்பது எந்த அளவை நூலிலும் இல்லை.

மடையை அடைக்கும் முயற்சிகளைச் சுருக்கமாகக் கூறுவேன். 1999இல் எலிகளுக்கு ஊசியேற்றிப் படிவைத் தடுத்தனர். அதனை மனிதர்க்குச் செய்தபோது, ஊசி பெற்ற 298 பேருள் 18 பேருக்கு மூளையழற்சி உண்டாகவே, 2002இல் நிறுத்தினர். அந்த ஊசி பெற்றோர் சிலர் பின்னர் இறந்தபோது மூளையைச் சோதித்த இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் 2008இல் வெளியிட்ட முடிவு கருத்தூன்றி வாசிக்கத் தக்கது. சிலர் மூளையிலே படிவு ஏறத்தாழ முற்றாக நீங்கியிருந்தது. அவரும் கடும் நினைவழிவோடேயே இறந்தனர். நெருப்பென்று எண்ணி அணைத்தபின்னும் வீடு எரிந்துகொண்டிருந்தது. 2012இலும் 2016இலும் வேறு இரு மருந்துகள் பெரிய பரிசோதனைகளில் வீழ்ந்தன. கொலம்பியக் குடும்பத்தாரிடம், நோய்க்குறி தோன்றுமுன்பே கொடுத்துப் பார்த்த மருந்தும் 2022இற் பயன் தரவில்லை.

இவற்றின் இடையிலே நிகழ்ந்ததே அடுகனுமாப் என்னும் மருந்தின் கதை. பயனில்லை என்று 2019 மார்ச்சில் கம்பனியே பரிசோதனைகளை நிறுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில், கணக்கை மீளப் பார்த்தோம், இரண்டில் ஒன்றிலே பயனுண்டு என்றது. 2020 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசகர் பதினொருவர் கூடினர். அந்த ஒரு பரிசோதனையை மருந்தின் பயனுக்கு முதற்சான்றாகக் கொள்ளலாமா என்ற வினாவுக்குப் பதின்மர் 'இல்லை' என்றனர். ஒருவர் ஐயம் என்றார். 'ஆம்' என்றார் ஒருவருமிலர். 2021 ஜூனில் நிர்வாகம் அனுமதி வழங்கியது! ஆலோசகர் மூவர் பதவி துறந்தனர். அனுமதிக்குக் கூறிய நியாயந்தான் நம் வழக்குக்கு உரியது. மருந்து அமிலோயிட்டைக் குறைக்கிறது; அமிலோயிட் குறைந்தால் நோயாளர்க்கு நன்மை விளையக்கூடும். படிவு நீங்கியதே நோய் நீங்கியதற்குப் பதிலாகக் கொள்ளப்பட்டது. ஓராண்டுக்கு 56,000 டொலர் விலை கூறிப் பின் பாதியாகக் குறைத்தும் கொள்வோர் மிகச் சிலரே. 2024இல் கம்பனி அதனைக் கைவிட்டது.

அடுத்து வந்த லெக்கனெமாப் இதனினும் தகுதியுடையது. 1,795 பேரைக் கொண்டு பதினெட்டு மாதம் நடத்திய பரிசோதனையிலே, நோய் முன்னேறுவது நூற்றுக்கு 27 வீதம் மெதுவாயிற்று எனக் கண்டனர். 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி வழங்கியது. 27 வீதம் என்னும் எண்ணே தலைப்புகளிற் பறந்தது. நூற்றுக்கு இருபத்தேழு பேர் குணமடைந்தனர் என்று என் நண்பர் ஒருவர் பொருள்கொண்டார். அவர் கணித ஆசிரியர்! எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். நினைவு, இடமும் காலமும் அறிதல், தீர்மானித்தல், வெளிக்கருமம், வீட்டுக்கருமம், தன்னைப் பேணல் என ஆறு தலைப்பிலே புள்ளியிடுவர், மொத்தம் 18. புள்ளி ஏற ஏற நிலை மோசம். பதினெட்டு மாதத்தில் மருந்து பெறாதவர் சராசரி 1.66 புள்ளி மோசமாயினர். மருந்து பெற்றவர் 1.21 புள்ளி மோசமாயினர். வேறுபாடு 0.45. அதனை 1.66ஆல் வகுத்தால் வருவது 27 வீதம். ஒருவரும் முன்னிருந்த நிலைக்கு மீண்டார் என்பது அதன் பொருளன்று. சராசரியில் இரு பகுதியினரும் கீழே சென்றனர், மருந்து பெற்றவர் சிறிது மெதுவாக. அந்த அளவையிலே வைத்தியர் இடக்கூடிய மிகச் சிறிய படி அரைப்புள்ளி. வேறுபாடோ சராசரியில் அப்படியிலும் சிறிது.

மருந்துக்காக வழக்குரைப்போர் கூறுவதும் புறக்கணிக்கத் தக்கதன்று. பதினெட்டு மாதத்தில் ஏறத்தாழ ஐந்து மாதம் மிச்சமாகிறது என்பர். பேரப்பிள்ளையின் பெயரை இன்னும் ஐந்து மாதம் நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த ஐந்து மாதத்தை வெறும் 0.45 என்று தள்ளிவிட எனக்கும் மனமில்லை. ஆனால் விலையையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் அறிமுக விலை ஆண்டுக்கு 26,500 டொலர். இரு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தின் வழியே ஏற்றுதல் வேண்டும். மூளையைப் பலமுறை படம் பிடித்தல் வேண்டும். ஏனெனில் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 12.6 பேருக்கு மூளையில் வீக்கமும், 17.3 பேருக்குச் சிறு கசிவு முதலியனவும் காணப்பட்டன. பெரும்பாலும் வெளிக்குறியின்றி நீங்குபவை, சிலருக்கு உயிராபத்து. 2024 ஜூலையில் அமெரிக்கா அனுமதித்த டொனனெமாப் என்பதும் இவ்வினத்தது. ஐரோப்பிய மருந்து நிறுவனம் லெக்கனெமாப்பை 2024 ஜூலையில் மறுத்து, நவம்பரில் வரையறையோடு ஏற்றது. பிரித்தானியாவிலே அரச சுகாதார சேவைக்குத் தக்க செலவு எது என ஆராயும் நிறுவனம், செலவுக்கேற்ற பயனில்லை என்று 2025 ஜூனில் இரண்டையும் மறுத்துரைத்தது. ஒரே எண்களை வாசித்து மூவர் மூன்று தீர்ப்பு வழங்கினர்.

புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் ஆசிரியர் ஒருவர் இறுதிக்காலத்திலே என் பெயரை மறந்தார். இருந்த ஊரை மறந்தார். ஆனால் செய்யுளொன்றின் முதற்சீரை எடுத்துக் கொடுத்தால் ஈற்றடிவரை பிழையின்றி ஒப்புவிப்பார். சந்தி பிரித்துப் பொருளுஞ் சொல்வார். அந்தப் பதினெட்டுப் புள்ளியுள் அவருடைய அந்த அரைமணிநேரத்துக்கு இடம் எங்கே உண்டென்று யானறியேன்.

பொய் புகுந்த செய்திக்கு வருவோம். 2006இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, அமிலோயிட்டின் ஒரு குறித்த வடிவமே எலிகளின் நினைவைக் கெடுக்கிறது என்றது. பல நூறு கட்டுரைகள் அதனை மேற்கோள் காட்டின. வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்து மத்தியூ ஷ்றாக் என்னும் வைத்தியர் அதன் படங்களிலே மாற்றம் செய்யப்பட்ட அடையாளங் கண்டார். 2022 ஜூலையில் 'சயன்ஸ்' இதழ் அதனை விரிவாக வெளியிட்டது. 2024 ஜூனில் கட்டுரை மீளப் பெறப்பட்டது. இதனைக் கொண்டு, அமிலோயிட் கொள்கை முழுவதும் மோசடி என்று எழுதினோர் உளர். அது பிழை. கொள்கை அக்கட்டுரைக்குப் பதினான்கு ஆண்டு முந்தியது. கொலம்பியக் குடும்பத்தின் பரம்பரையலகை எவரும் புனையவில்லை. கவலைக்குரியது வேறு. அக்கட்டுரையை ஐயுற்று வெளிப்படையாக வினாவ ஏன் பதினாறு ஆண்டு சென்றது? எல்லாரும் எதிர்பார்த்திருந்த விடையை அது கூறிற்று என்பதே காரணம் போலும். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் இதனை நன்கறிவர். விரும்பிய பாடம் கிடைத்துவிட்டால் மற்றைப் பிரதியை எடுத்துப் பார்க்கக் கை எழுவதில்லை.

மற்றைப் பிரதிகள் இருந்தன. அமெரிக்காவிலே டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986இல் தொடங்கிய ஆய்விலே 678 கன்னியாஸ்திரீகள் பங்குபற்றி, இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க உடன்பட்டனர். ஒரே உணவு, ஒத்த வாழ்க்கை. அவருட் பலர் ஆசிரியைகள். அவருள் மேரி என வழங்கப்பெற்ற சகோதரி 101 வயதுவரை வாழ்ந்து, நினைவுச் சோதனைகளில் உயர்ந்த புள்ளி பெற்றார். இறந்தபின் பார்த்தால் அவர் மூளை முழுதும் படிவும் சிக்கும். இதே ஆய்விலே, படிவோடு சிறு சிறு இரத்தநாள அடைப்பும் சேர்ந்திருந்தவர்களே பெரிதும் நினைவழிந்தனர் என்பதும் தெரியவந்தது. தமிழாசிரியர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. மடத்திலே சேர்ந்தபோது, சராசரி 22 வயதில், அவர்கள் தம் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதிக் கொடுத்திருந்தனர். 93 பேரின் எழுத்தை எடுத்து, சொல்லளவுக்கு எண்ணம் எத்துணைச் செறிந்துள்ளது என்று கணக்கிட்டனர். பின்னர் இறந்து சோதிக்கப்பட்ட 14 பேருள், எண்ணச் செறிவு குன்றிய எழுத்தினர் யாவர்க்கும் அல்சைமர் நோய். செறிந்த எழுத்தினர் ஒருவர்க்கும் இல்லை. பதினால்வரைக் கொண்டு விதி வகுத்தலாகாது. செறிந்த எழுத்து மூளையைக் காத்ததா, அன்றி நோயின் நிழல் அறுபதாண்டு முன்பே எழுத்தில் விழுந்ததா என்பதும் தெளிவில்லை. ஆயினும் மாணாக்கர் கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் இது நினைவுக்கு வரத் தவறுவதில்லை.

இவ்வழியில் மெல்ல மெல்லத் திரண்டதை 'லான்செற்' இதழின் ஆணைக்குழு 2024இல் தொகுத்து உரைத்தது. இளமையிற் கல்விக்குறைவு, செவிப்புலன் குன்றல், பார்வைக்குறைவு, இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல், தலைக்காயம், தனிமை, மாசடைந்த காற்று முதலாகப் 14 காரணங்களை முற்றாக அகற்றக்கூடுமாயின், நினைவழிவு நோய்களில் நூற்றுக்கு 45 வீதம் தடுக்கப்படலாம் அல்லது தள்ளிப்போடப்படலாம் என்பது அதன் மதிப்பீடு. 45 என்பதும் 27 போலவே ஆராய்ந்து கொள்ளத்தக்க எண்தான். இக்காரணங்களோடு நோய் சேர்ந்து வருகிறது என்பதே பெரும்பாலும் கண்டது. ஒவ்வொன்றையும் அகற்றி நிறுவியது சிலவே. செவிக்கருவி கொடுத்து 977 முதியோரிடம் மூன்றாண்டு நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, மொத்தத்தில் வேறுபாடு காணவில்லை; ஆபத்து மிகுந்த பகுதியினரில் மாத்திரம் தளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய 2019ஆம் ஆண்டின் ஆய்விலே, நினைவுத் தளர்ச்சியின் முற்படி நூற்றுக்கு 19 வீதம் குறைந்தது. வெட்டிப் பெருக்கிய எண்கள் அல்ல. ஆனால் செவிக்கருவியும் அழுத்தக் குளிசையும் எந்த ஊர் ஆஸ்பத்திரியும் அறிந்த பொருள்கள்.

எதிர்பாராத திசையிலிருந்தும் ஒரு சான்று வந்தது. வேல்ஸ் நாட்டிலே 2013 செப்டெம்பரில் அக்கி நோய்க்குத் தடுப்பூசி வழங்கத் தொடங்கியபோது, 1933 செப்டெம்பர் 2ஆந் திகதியோ அதன் பின்னோ பிறந்தவர்க்கு உரிமை; அதற்கு முந்திய நாளிற் பிறந்தவர்க்கு இல்லை. ஒரு வார இடைவெளியிற் பிறந்தோரிடையே வேறென்ன வேறுபாடு இருக்கமுடியும்? ஏழாண்டுக்குப் பின் கணக்கெடுத்தபோது, ஊசி பெற்றோரிடம் நினைவழிவு நோய் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. 2025இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. அக்கியின் இனத்தைச் சேர்ந்த கிருமியொன்று அல்சைமர் நோயாளர் மூளையில் உண்டென மான்செஸ்ரரிலே ரூத் இட்சாக்கி என்னும் அறிஞர் 1991இலேயே கூறியிருந்தார். மடையை நோக்கி யாவரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் குரலைச் செவிமடுத்தோர் மிகச் சிலர்.

இத்தனைக்கும் பின், 2024இல் அமெரிக்க அல்சைமர் சங்கம் கூட்டிய அறிஞர் குழு வெளியிட்ட புதிய இலக்கணம் யாதெனில், மூளையில் அப்பொருள் இருப்பது பரிசோதனையால் நிச்சயமாயின், நினைவு தெளிவாயிருப்பினும் அவருக்கு அல்சைமர் நோய் உண்டு என்பதே. அவ்வாண்டே நவம்பரில் சர்வதேச அறிஞர் குழு ஒன்று இதனை மறுத்தது: அவர் ஆபத்துடையவர், நோயாளர் அல்லர், படிவுடையோருட் பலர் நினைவழியாமலே வாழ்ந்து முடிப்பர். யான் இரண்டாம் குழுவின் பக்கம். மேரி சகோதரியை நோயாளி என்று அழைக்கும் இலக்கணம் எதனைக் காப்பதற்கு வகுத்த இலக்கணம் என்பது எனக்கு விளங்கவில்லை. முதற்குழுவின் நியாயமும் எளியதன்று. கலங்கள் இறந்தபின் மருந்து கொடுப்பது காலங்கடந்த செயல் என்பர்; நீரிழிவையும் அழுத்தத்தையும் குறி தோன்றுமுன்பே நோயென்று கொள்கிறோம் அன்றோ என்றும் வினவுவர். உண்மை. ஆனால் அவற்றுக்குக் கையிலே நல்ல மருந்து உண்டு. நினைவு தெளிந்தவர்க்கு லெக்கனெமாப் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு 2020இல் தொடங்கியது. பெயரை முதலில் இட்டுவிட்டுப் பயனைப் பின்னர்த் தேடுவது முறையா?

இது தொலைநாட்டு அறிஞரின் சொற்போராக மாத்திரம் நில்லாது. 2025 மே மாதத்தில் அமெரிக்கா, 55 வயதும் மேலுமுடைய, நினைவு தளர்ந்த குறியுள்ளோர்க்கென இரத்தப் பரிசோதனை ஒன்றை முதன்முதலாக அனுமதித்தது. முதுகந்தண்டில் ஊசியேற்றலும் விலையுயர்ந்த படப்பிடிப்பும் வேண்டா. சிறிது குருதி போதும். இவ்வகைப் பரிசோதனை நம் நாட்டுக்கு வருவது மருந்து வருவதினும் எளிது. மருந்துக்கு வேண்டியவை மூளைப் படங்களும் இருவார ஏற்றலும் இலட்சக்கணக்கான ரூபாவும். பரிசோதனைக்கு ஒரு குழாய் இரத்தம். ஆகவே மருந்து எட்டாத வீட்டிலும் பெயர் வந்து புகும். குறியில்லாதவரும் பணங் கொடுத்துச் செய்துகொள்வர், அதனைத் தடுப்பாரில்லை.

சென்ற மாதம் இவற்றை வகுப்பிலே பேசிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர், "அந்தப் பரிசோதனை இங்கே வந்தால் நீங்கள் செய்வீங்களோ, ஐயா?" என்று கேட்டார். எனக்கு வயது ஐம்பத்தேழு. பெயர்கள் நாவின் நுனியில் நின்றுவிடுவது உண்டு. இரத்த அழுத்தத்தைப் பார்ப்பித்துக்கொள்வேன், காது மந்தமானாற் கருவி வாங்குவேன், பாடஞ் சொல்லும்போது சூத்திரம் தவறி, தவறியதும் தெரியாமற்போகும் நாள் வந்தால் பரிசோதனைக்குப் போவேன், இன்று போகேன் என்றேன். "தவறியது உங்களுக்குத் தெரியாதெண்டால் ஆர் ஐயா சொல்லுறது?" என்றார் அவர். அப்பொறுப்பை வகுப்பிடம் ஒப்படைத்திருக்கிறேன்.